நூற்றைம்பது தப்படி

இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினேழு என்று தொண்டைக்குள்ளேயே எண்ணிக்கொண்டு ஆர்லீன் குச்செக் கால்வாய்க் கரையோடு போய்க்கொண்டிருக்கிறார். யாராவது எதிரே வந்து காலை வணக்கம் சொன்னால் நின்று, வலது கை விரல்களை மடக்கிக் காட்டுவார். எண்ணிக்கையை இங்கே பிடித்து வைத்திருக்கிறேன், இனிப் பேசலாம் என்று அதற்குப் பொருள். பேச்சு முடிந்ததும் விரல்களை விரித்து, விட்ட இடத்திலிருந்து நடப்பார். நாயோடு உலாவுகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள்தான் கையில் ஏதும் சுளுக்கா என்று விசாரிக்கிறார்கள்.

அவருடைய தப்படியின் நீளம் இருபத்தெட்டு அங்குலம். 2022 ஜனவரி வரை அது முப்பது அங்குலமாக இருந்தது. அந்த மாதம் இடது முழங்காலில் அறுவை நடந்தது. பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானம் ஒரு கோட்டிலிருந்து மறு கோடு வரை முந்நூறு அடி. முன்பு அதை நூற்றிருபது தப்படியில் கடந்தவருக்கு இப்போது நூற்றிருபத்தெட்டரை ஆகிறது. "ரெண்டு அங்குலத்த டாக்டரு எடுத்து வச்சுக்கிட்டாரு. திருப்பிக் கேட்டா சிரிக்கிறாரு" என்பார்.

முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் ஹார்லன் கிரோவ் ஊரில் தபால் கொடுத்த பெண்மணி. வயது அறுபத்தொன்பது. துறை கொடுத்த நீல மழைச்சட்டையை இன்னும் போட்டுக்கொள்கிறார். சின்னத்தைப் பிரித்து எடுத்த இடத்தில் அதன் நிழல் மட்டும் வெளுக்காமல் நிற்கிறது. சட்டைப் பையில் சீவிய பென்சில்கள் இரண்டு, பிஸ்கட் துண்டுகள் சில. பிஸ்கட் நாய்களுக்கு. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும் நாய்கள் அவரை விடவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "நடந்து பாத்தியா?" புதிய கடைவீதி பெரியதாம், பாலம் குறுகலாம், பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கமாம், எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இஸ்ரவேலர்கள் வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு நடந்ததைப் பேசிவிட்டு வந்தபோது, அந்தத் தூரத்தை இவ்வளவு காலம் எப்படி இழுத்தார்கள் என்று வாசலில் நிறுத்திக் கேட்டார். தபால்காரர் ஒருவர் முன்னால் போயிருந்தால் ஆறு வாரம் போதும் என்பது அவர் கணக்கு.

வாஷிங்டனுக்கு ஓர் ஆளை அனுப்பும் ஏழாவது தொகுதியின் வடிவத்தை, 1952 முதல் இன்றுவரை எட்டு முறை மாறியதை, காகிதக் கைக்குட்டையில் பார்க்காமல் வரைந்து காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார். முதலாவது ரொட்டிப் பலகை. ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் முட்டைகோஸ் வயலும் இரண்டு ரயில் நிலையங்களும் மட்டும் இருந்த காலம் அது. நெடுஞ்சாலை வந்து, நகரத்திலிருந்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு இங்கே வீடு கட்டி ஏறியபோது அது வாணலி ஆனது. எண்பத்திரண்டில் வாணலிக்குக் கைப்பிடி நீண்டது. இரண்டாயிரத்து இரண்டில் தூண்டில் முள். அதற்கு முன் வந்த ஒன்றை அவர் கடித்து வைத்த அப்பம் என்றுதான் சொல்வார், யார் கடித்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி மேசையில் உட்காருகிறவர் அப்படிப் பேசக் கூடாது.

வடிவம் மாறியதைப் போல் முடிவுகளும் மாறின. 1952 முதல் தொடர்ந்து பதினொரு தேர்தல்களில் யானைக் கட்சி வென்றது. 1974இல் கழுதைக் கட்சி அறுநூற்றுப் பதினோரு வாக்குகளில் பிடித்தது. எண்பதில் போயிற்று, 2006இல் வந்தது, 2010இல் போயிற்று, 2018இல் மறுபடி வந்தது. ஆண்டுகளை ஆர்லீன் வானிலையால் நினைவு வைத்திருக்கிறார். பனிக்கட்டி மழை பெய்தது 2006, வரிசையில் நின்றவர்கள் மேல்கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு நின்றது 2010. மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில் அவர் சொன்ன வானிலைகளை நான் சரிபார்த்திருக்கிறேன். ஒன்றே ஒன்று தவறு. அதுவும் அன்று காலை மட்டும்தான் தூறல்.

ஏழாவது தொகுதிக்காரர்களுக்கு ஒரு தனிச் செருக்கு உண்டு. இரண்டாயிரம் வாக்குகளில் யார் பக்கமும் சாயும் தொகுதி என்பதால் செப்டம்பர் பிறந்தால் வேட்பாளர்கள் வீட்டு வாசலுக்கு வந்து நாயைத் தடவுவார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நான்காவது தொகுதி. அங்கே யானைக் கட்சிக்கு நூற்றுக்கு எழுபது. நாயைத் தடவ யாரும் வருவதில்லை. நான் நான்காவதில் இருக்கிறேன்.

ஏழாவதின் ஓரத்தில் இருந்தது ஆர்லீனின் பன்னிரண்டாம் வட்டம். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசை போடுவார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் அவர்தான் சாவடித் தலைவர். மேசையில் இரண்டு கட்சிக்காரர்களும் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் கழுதைக் கட்சி. மேசையில் பக்கத்து நாற்காலி யானைக் கட்சிக்காரர் டென்னிஸ் ஹாலரனுக்கு, இருபத்திரண்டு ஆண்டுகளாக. கூரை ஓடு விற்று ஓய்வு பெற்றவர், கனத்த உடம்பு, கனத்த குரல். ஆர்லீன் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி கொண்டுவருவார். டென்னிஸ் மின்சாரப் பானையில் பீன்ஸ் குழம்பு கொண்டுவருவார். அவருடைய குழம்பு மிளகாயே காணாதது என்று இவரும், இவருடைய ரொட்டியில் கசகசாவை எண்ணிவிடலாம் என்று அவரும் பதினான்கு மணி நேரமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

சாவடி வாசலிலிருந்து நூறு அடிக்குள் கட்சித் தட்டி எதுவும் நிற்கக் கூடாது. தேர்தல் நாள் விடிந்ததும் ஆர்லீன் வாசற்படியில் குதிகாலை ஒட்டி வைத்து நடக்கத் தொடங்குவார். நூறு அடிக்குக் குறைவாக நிற்பது எந்தக் கட்சித் தட்டியானாலும் பிடுங்கி, கோட்டுக்கு வெளியே நட்டுவிட்டு வருவார். நான் அறிந்தவரை இப்படி இடம் மாறியவை முப்பத்திரண்டு. அவற்றில் பத்தொன்பது அவருடைய கட்சித் தட்டிகள். அவர் கட்சிக்காரர்களுக்கு அவர்மேல் இருந்த மனத்தாங்கல் முழுவதும் இந்தப் பத்தொன்பதுதான்.

பிறகு ஏழு மணிக்கு அவர் வாசலில் நின்று உரக்கக் கூவுவார். கேளுங்கள், கேளுங்கள், பன்னிரண்டாம் வட்டத்தின் வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. சாவடித் தலைவர் இப்படிக் கூவித்தான் கதவைத் திறக்க வேண்டும் என்று எங்கள் மாநிலத்தில் பழைய விதி ஒன்று இருக்கிறது. பலர் அதை முணுமுணுப்பாக முடித்துவிடுவார்கள். ஆர்லீன் தெருக்கோடி நாய் எழுந்து உட்காரும்படி கூவுவார். ஒரு மார்ச் மாதத்துச் சிறு தேர்தலில் வாசலில் அந்த நாயைத் தவிர யாரும் இல்லை. அன்றும் ஒரு சொல் குறைக்கவில்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணி முடிந்து புதுக் கோடு போட்டதும், அரசு வெளியிடும் எல்லைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தன் வட்டத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது அவர் வழக்கம். நாலே கால் மைல். சட்டம் இதைக் கேட்கவில்லை. கோட்டை நீ நடக்காவிட்டால் அது எழுந்து ஓடிவிடுமா என்று டென்னிஸ் ஒவ்வொரு முறையும் கேட்பார். 2022 பிப்ரவரியில் புதுக் கோடு வந்தபோது ஆர்லீன் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு முறை மட்டும் அலுவலகம் அனுப்பிய பெயர்ப்பட்டியலை அப்படியே நம்பி மேசையில் வைத்தார்.

முழங்கால் முழுதாகச் சொன்னபடி கேட்கத் தொடங்கிய பிறகு, 2024 ஏப்ரலில்தான் அந்த நடைக்குக் கிளம்பினார். குறிப்பு சொன்னது இது: ஆலைப் பாலத்திலிருந்து மில்லர் ஓடையின் நடுவழியாக வடக்கே ரயில் பாதை வரை 2,310 அடி. அவர் கணக்குக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு தப்படி. ஓடை என்றால் இப்போது சிமெண்டுக் கால்வாய், நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். அதன் கரையில் நடந்தார். எண்ணூற்று நாற்பதாவது தப்படியிலேயே தண்டவாளம் வந்து நின்றது. நூற்றைம்பது குறைந்தது.

காலைத்தான் முதலில் சந்தேகித்தார். நேரே கால்பந்து மைதானத்துக்குப் போய் நடந்து பார்த்தார். நூற்றிருபத்தெட்டரை. காலில் குற்றமில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் கால்வாய்க் கரையில் எண்ணூற்று நாற்பதுதான் வந்தது. மூன்றாம் நாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"வால்ட், ஓடை எப்பவுமே அங்கதான் ஓடுச்சா?"

என்னிடம் பழைய வடிகால் வேலையின் படம் ஒன்று இருந்தது. 1958 வசந்தத்தில் வெள்ளம் வந்தது. அந்த ஆகஸ்டில் ஓடையை வழி மாற்றும் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. அதுவரை ஓடை மேற்கே ஒரு பெரிய வளைவு வளைந்து போயிற்று. அந்த வளைவு இப்போது கார்க் கொட்டகைகளுக்குப் பின்னால் புல் முளைத்த பள்ளம். பனிக்காலத்தில் பிள்ளைகள் அதில் பலகை போட்டு வழுக்குவார்கள். படத்தை இருவரும் பார்த்தோம். மாநிலத் தலைநகரில் கோடு போட்டவர்கள் கையில் எடுத்தது அதற்கும் முந்திய அளவைத் தாள். சட்டத்தோடு இணைத்த வரைபடத்திலும் கோடு பழைய வளைவோடுதான் போகிறது. மாவட்டத்தில் பெயர்களைப் பிரித்தவர்களோ தண்ணீர் இருக்கும் இடத்தை எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஓடை நகர்ந்திருந்தது, கோடு நகரவில்லை. 2022க்கு முந்திய வரைபடங்களில் எல்லை நெடுஞ்சாலையாக இருந்ததால் இந்தப் பேச்சே எழவில்லை.

மறுநாள் அவர் பள்ளத்தின் வளைவோடு நடந்தார். தொள்ளாயிரத்துத் தொண்ணூறாவது தப்படியில் இடது கால் தண்டவாளத்துச் சரளைக்கல்லில் பட்டது.

பள்ளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே இருப்பது லார்க்ஸ்பர் சந்து. பதினேழு வீடுகள், முப்பத்தெட்டு வாக்காளர்கள். சட்டப்படி அவர்கள் நான்காவது தொகுதி. 2022 நவம்பரில் அத்தனை பேருக்கும் ஏழாவதின் வாக்குச்சீட்டை எடுத்துக் கொடுத்தது ஆர்லீன். அவர் என்னிடம் முதலில் கேட்டது அந்த ஆண்டு வித்தியாசம் எவ்வளவு என்பதுதான். 2,114. முப்பத்தெட்டையும் கழித்தாலும் முடிவு மாறாது என்றேன். நீண்ட மூச்சு விட்டு, காப்பி கேட்டார். பாதிக் கோப்பை குடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்: "நானும் லார்க்ஸ்பர்தான். நானூத்திப் பதினெட்டாம் நம்பர்."

அது எனக்குத் தெரியும். சாவடித் தலைவர் அந்த வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற விதியும் தெரியும். வட்டம் எதுவும் தொகுதிக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியை நான்தான் முப்பத்தெட்டு ஆண்டு பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அவர் இதை எழுதிப் போட்டால் லார்க்ஸ்பர் சந்து எங்கள் ஒன்பதாம் வட்டத்துக்கு வந்துவிடும். அவருக்கு மேசை போய்விடும்.

டென்னிஸிடம் அவர் அதைச் சொன்னது அந்த வெள்ளிக்கிழமை, வழக்கமாக நாங்கள் மீன் வறுவல் சாப்பிடும் விடுதியில். டென்னிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

"போறது உன் கட்சி ஓட்டு, ஆர்லீன். பதினேழு வீட்டுல பன்னெண்டு வீடு உங்க கழுதைதான். நியாயமா நான் சந்தோஷமா மீன் திங்கணும். எறங்க மாட்டேங்குது."

"முள்ளு எடுக்காம தின்னா அப்படித்தான்."

டென்னிஸ் சிரிக்கவில்லை. ஓடை வழி மாறி அறுபத்தைந்து ஆண்டு ஆகிவிட்டது, தலைநகரத்தில் ஒருவருக்கும் தெரியாது, மாவட்டத்திலும் தெரியாது, இன்னும் எட்டு வருடம் கழித்துக் கோடு எப்படியும் மாறப்போகிறது, அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன என்று நீளமாகப் பேசினார். தன் கட்சிக்கு வரும் ஆதாயத்தை வேண்டாம் என்று ஒருவர் இவ்வளவு நேரம் வாதாடி நான் கேட்டதில்லை. ஆர்லீன் ரொட்டித் துண்டால் தட்டை வழித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்:

"நான் நடந்து பாத்துட்டேனே, டென்னிஸ்."

டென்னிஸ் முள்கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். அப்படியானால் காலையில் வாசலில் நின்று யார் கூவுவது என்றார்.

"நீதான்."

"என் தொண்டைக்கு அதெல்லாம் ஆகாதும்மா."

"இருவத்திரெண்டு வருஷமா என் காதுல கத்துனியே, அது யார் தொண்டை?"

மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குக் கடிதம் மறுநாள் போயிற்று. இரண்டு பக்கம். தப்படிக் கணக்கு, வடிகால் படத்தின் நகல், வீட்டு எண்கள் பதினேழு. 2022இல் நடந்து பார்க்காதது தன் குறை என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அது வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. ஐந்து வாரத்தில் பதில் வந்தது. நீங்கள் சொன்னது சரி, பெயர்கள் மாற்றப்படுகின்றன, நன்றி. நன்றி என்ற சொல்லுக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள்.

புது அட்டைகள் தபாலில் வரும் முன்பே ஆர்லீன் பழைய வழக்கப்படி ஒற்றைப்படை வீடுகள் முதலில், பிறகு இரட்டைப்படை என்று பதினேழு கதவையும் தட்டினார். விளக்கம் அதிகம் சொல்லவில்லை. ஓடை இருந்த இடம் பின்னால் இருக்கிற பள்ளம், வந்து பாருங்கள் என்று கூட்டிப்போய்க் காட்டினார். வெர்ன் ஹூக்ஸ்ட்ராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போன முறை வேட்பாளர் அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து நாயை மடியில் வைத்துக்கொண்டார், அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நாலாவதில் யார் வருவார்கள் என்று அவர் ஆர்லீனைப் பார்த்துக் கேட்டார். ஆர்லீன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நாய்க்குக் கொடுத்தார். எதிர்வீட்டுக் கோனி ஹெல்ம் கேட்டது வேறு.

"அப்போ அக்டோபர்ல ஓட்டுக் கேட்டு தெனமும் இருவது போன் வராதா?"

"கொறையும்னு நெனைக்கிறேன்."

"உள்ள வா. கேக் இருக்கு."

ஒன்பதாம் வட்டத்து மேசையில் இடம் காலியில்லை. மூன்று நாற்காலியிலும் ஆட்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். யாராவது விலகினால் சொல்கிறோம் என்று பெயரை எழுதிக்கொண்டார்கள். ஆர்லீன் வரிசையில் எத்தனையாவது என்று கேட்டு, நான்காவது என்று அறிந்து, நல்ல எண் என்றார்.

நவம்பரில் தேர்தல் நாள் குளிராகவும் தெளிவாகவும் விடிந்தது. எங்கள் சாவடி லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளம். ஏழுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். ஆர்லீன் எனக்கு முன்னால் ஐந்தாவதாக நின்றிருந்தார், அதே நீலச் சட்டை. நேற்றிரவு கசகசா ரொட்டி இரண்டு சுட்டு ஒன்றை டென்னிஸ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். இன்னொன்று காகிதத்தில் சுற்றி அவர் கக்கத்தில் இருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக வாக்குப்போட வரிசையில் நிற்பதாகவும், எதிர்பார்த்ததைவிடக் கால் வலிக்கிறது என்றும் சொன்னார்.

எங்கள் சாவடித் தலைவி உள்ளிருந்து கதவைத் திறந்து, அது மூடாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். கூவியிருந்தால் அது அவர் காதுக்கு மட்டுமே. வரிசை நகரவும் கால்வாய்க்கு அந்தப்பக்கம் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கேளுங்கள் என்ற சொல்லில் முதலில் தடுக்கியது. இரண்டாவது கேளுங்களில் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் வட்டத்தின் என்பது ஒவ்வோர் எழுத்தாக வந்து சேர்ந்தது. தெருக்கோடி நாய் குரைத்தது. ஆர்லீன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது செகண்டு லேட்டு" என்றார். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

ரொட்டியை மேசைக்காரர்களிடம் வைத்துவிட்டு, பெயரும் வீட்டு எண்ணும் சொல்லி, சீட்டு வாங்கி, வாக்களித்துவிட்டு அவர் எனக்கு முன்னால் வெளியே போனார். நான் முடித்து வந்தபோது அவர் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. வாசற்படியில் நின்று புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது தொகுதியில் யாரும் தட்டி நடுவதில்லை, ஜெயிக்கிறவர்களுக்குத் தேவையில்லை, தோற்கிறவர்களுக்கு மனமில்லை. அன்று ஒன்றே ஒன்று நின்றது. வெள்ளையில் நீல எழுத்து, அவருடைய கட்சி வேட்பாளரின் பெயர்.

ஆர்லீன் குதிகாலைப் படியோடு ஒட்டி வைத்தார். நடந்தார். நான் அவரோடு சேர்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்றில் தட்டி வந்தது. தொண்ணூற்றைந்து அடி எட்டு அங்குலம். அவர் அதன் கம்பிக் கால்களை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கி, மேலும் இரண்டு தப்படி வைத்து, மண்ணில் குத்தி, வலது காலால் மிதித்து இறக்கினார். லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கினார்.